2147483647 பிரைமா இல்லையா? ஜாவா ஒண்ணு சொல்லுது, ஆய்லர் வேற சொல்றார்

ஒருத்தர் கேட்டிருந்தது இதுதான். ஜாவாங்கற புரோகிராம் மொழில ஒரு நம்பர் பிரைமான்னு, அதாவது பகா எண்ணான்னு, செக் பண்ற புரோகிராம் எழுதினாராம், எந்த நம்பர் குடுத்தாலும் சரியா வருதாம், 2147483647 குடுத்தா மட்டும் ரொம்ப நேரம் முழிச்சிட்டு இருந்துட்டு 'பிரைம் இல்ல'ன்னு பிரின்ட் பண்ணுதாம், ஆனா எங்க தேடினாலும் அது பிரைம்னுதான் போட்டிருக்காம். எது சரி, இந்த நம்பர்ல அப்படி என்னதான் இருக்கு?

மொதல்ல சின்ன பதில். அது பிரைம்தான். 1772லயே ஆய்லர்ங்கற கணித மேதை கம்ப்யூட்டர் கால்குலேட்டர் எதுவும் இல்லாம நிரூபிச்சாச்சு. உங்க புரோகிராம்தான் தப்பு, ஆனா தப்பு நடந்த இடம் ரொம்ப அழகான இடம், அதனால கொஞ்சம் உக்காந்து சொல்றேன். அவசரம்னா கடைசிக்கு போயிடுங்க, கோட எப்படி திருத்தறதுன்னு அங்க இருக்கு.

உங்க லூப் என்ன பண்ணுது? லூப் வேரியபிள 'க'ன்னு வெச்சுக்கலாம், செக் பண்ற நம்பர 'ந'ன்னு வெச்சுக்கலாம். க 2ல ஆரம்பிக்குது, க × க ≤ ந இருக்கற வரைக்கும் ஒவ்வொண்ணா ஏறுது, நடுவுல எங்கயாவது ந-வ க மீதி இல்லாம வகுத்துட்டா 'பிரைம் இல்ல'. எல்லா புத்தகத்துலயும் இருக்கற லூப்தான், கணக்கா பாத்தா ஒரு தப்பும் கிடையாது. 46340 × 46340 = 2147395600, இது ந-வ விட கம்மி. அடுத்தது 46341 × 46341 = 2147488281, இது ந-வ தாண்டிடுச்சு, லூப் இங்கயே நின்னிருக்கணும். ஆனா ஜாவாவோட இன்ட்ல (முழு எண்ண வெக்கற டப்பா) 2147483647தான் உச்சவரம்பு, அதுக்கு மேல ஒரு நம்பர வெக்கவே இடம் இல்ல, அதனால அந்த பெருக்கல் சுத்திக்கிட்டு வந்து −2147479015ன்னு நெகட்டிவா நிக்குது. நெகட்டிவ் நம்பர் ந-வ விட கம்மிதானே, லூப் 'சரி, மேல போலாம்'னு போகுது. இப்ப யோசிச்சு பாருங்க, க × க எவ்வளவா இருந்தாலும் இன்டுக்குள்ள அது 2147483647ஐ தாண்டவே முடியாது, அதாவது உங்க கண்டிஷன் எப்பவுமே உண்மை, நிக்கவே நிக்காது. 65536 வந்தப்ப க × க சரியா பூஜ்யம் ஆகுது (இந்த 65536ஐ ஞாபகம் வெச்சுக்கங்க, இன்னும் ரெண்டு தடவ வரும்). இப்படியே இருநூறு கோடி தடவைக்கு மேல சுத்தி கடைசியில க 2147483647க்கே வந்து சேருது. 2147483647ஐ 2147483647 மீதி இல்லாம வகுக்குமா? வகுக்கும். உடனே 'பிரைம் இல்ல'.

தன்னாலயே தான் வகுபட்டுட்டேன்னு ஒரு பிரைம் நம்பர ரிஜெக்ட் பண்ணியிருக்கு உங்க புரோகிராம். சிரிக்காதீங்க, நானும் காலேஜ் லேப்ல இதே லூப எழுதி இதே நம்பர குடுத்து, வெளில நின்னு அரை மணி நேரம் புத்தகம் தப்புன்னு ஃப்ரெண்டு கிட்ட சண்ட போட்டிருக்கேன். லேப்ல இருந்த அண்ணன் ஒருத்தர்தான் வந்து "டேய், க-வ பிரின்ட் பண்ணி பாருடா"ன்னார். பாத்தா லட்சம் தாண்டி ஓடிக்கிட்டு இருந்துச்சு, 46340ல நிக்க வேண்டியது.

சரி, நம்பருக்கு வருவோம். நம்ம முறையில படிச்சா இருநூத்தி பதினாலு கோடியே எழுபத்தி நாலு லட்சத்து எண்பத்தி மூவாயிரத்து அறுநூத்தி நாப்பத்தி ஏழு. பாக்கறதுக்கு யாரோ கண்ண மூடிட்டு கீபோர்ட தட்டின மாதிரி இருக்கும், ஒரு ஒழுங்கும் தெரியாது. அது பத்தடிமானத்தோட குத்தம். ரெண்டடிமானத்துல, அதான் பைனரில எழுதினா, வரிசையா முப்பத்தியொரு 1, வேற எதுவுமே இல்ல. அதாவது 2³¹ − 1. இன்டுக்கு மொத்தம் 32 பிட் (0 இல்லன்னா 1 போடற கட்டம்), அதுல ஒரு பிட் பிளஸ்ஸா மைனஸான்னு சொல்ல போயிடும், மிச்சம் 31 பிட்டையும் 1ஆ நிரப்பினா வர்றதுதான் இது. அதனாலதான் கேம்ல காசு இதுக்கு மேல ஏறாது, டேட்டாபேஸ்ல ஐடி இதோட முடிஞ்சு போயிடும், எரர் மெசேஜ்ல திடீர்னு இது எட்டி பாக்கும்.

இங்கதான் நெறைய பேர் குழப்பிக்கறாங்க. 'பிரைமா இருக்கறதாலதான் கம்ப்யூட்டர்ல இத தேர்ந்தெடுத்தாங்க'ன்னு ஒரு பேச்சு சுத்திட்டு இருக்கு. இல்லவே இல்ல. கம்ப்யூட்டர் காரன் 32 பிட்ட தேர்ந்தெடுத்தான், அவ்ளோதான், அந்த உச்சவரம்பு பிரைமா அமைஞ்சது தற்செயல். மத்த சைஸ பாத்தா புரியும். 8 பிட்டுக்கு உச்சவரம்பு 127, இது பிரைம். 16 பிட்டுக்கு 32767, இது பிரைம் இல்ல, 7 × 31 × 151. 32 பிட்டுக்கு நம்ம ஆளு, பிரைம். 64 பிட்டுக்கு 9223372036854775807, பிரைம் இல்ல, 7ஆல ரெண்டு தடவ வகுபடும், 73, 127, 337, 92737, 649657ஆலயும் வகுபடும். 128 பிட்டுக்கு 2¹²⁷ − 1, திரும்ப பிரைம். ஒண்ணு விட்டு ஒண்ணு வர்ற மாதிரி இருக்கு பாருங்க, இதுக்கு காரணம் உண்டு. அடுக்கு பகு எண்ணா இருந்தா 2 அடுக்கு மைனஸ் 1 கண்டிப்பா பிரைம் ஆகாது. 15 = 3 × 5, அதனால 2¹⁵ − 1ஐ 2³ − 1 = 7ம் வகுக்கும், 2⁵ − 1 = 31ம் வகுக்கும். 63ம் அதே கதைதான். 8, 32, 128 பிட்டுக்கு அடுக்கு 7, 31, 127, மூணும் பிரைம், அதனால வாய்ப்பாவது இருக்கு.

வாய்ப்பு இருக்குன்னா நடந்தே தீரும்னு இல்ல, அதையும் சொல்லிடறேன். 3, 7, 31, 127 இந்த நாலுமே 2 அடுக்கு மைனஸ் 1 வகை பிரைம், அத திரும்ப அடுக்குல ஏத்தினா 7, 127, 2147483647, 2¹²⁷ − 1ன்னு நாலும் பிரைமாவே வருது. ஆஹா இது எப்பவும் நடக்கும் போலன்னு பழைய காலத்துல ஒரு ஆசை இருந்துச்சு. அடுத்தது 8191, அதுவும் அதே வகை பிரைம்தான், அத அடுக்குல ஏத்தினா 2⁸¹⁹¹ − 1. 1953ல இல்லியாக்ங்கற கம்ப்யூட்டர்ல ஓட்டி பாத்தாங்க, பிரைம் இல்ல. ஆசை முடிஞ்சுது. நம்ம நம்பரையே அடுக்குல ஏத்தினா என்ன ஆகும்? 2 அடுக்கு 2147483647, மைனஸ் 1. எழுதவே 64 கோடிக்கு மேல இலக்கம் வேணும். அது பிரைம் இல்லன்னு தெரியும், 295257526626031ங்கற நம்பர் அத வகுக்குது. இந்த வகுக்கற நம்பர்ல ஒண்ணு கழிச்சா 2147483647 × 137490 வரும், போட்டு பாருங்க. ஏன் அப்படி வருதுன்னு கீழ ஆய்லர் கதைய படிச்சா தானா புரியும்.

இந்த 2 அடுக்கு மைனஸ் 1 வகை பிரைமுக்கு மெர்சென் பிரைம்னு பேரு, நம்மது எட்டாவது. அடுக்கு 2, 3, 5, 7, 13, 17, 19, அப்புறம் 31. பேருக்கு காரணமான மெர்சென் ஃபிரெஞ்சு பாதிரியார், 1644ல ஒரு லிஸ்ட் போட்டார், 257 வரைக்கும் எந்தெந்த அடுக்குக்கு பிரைம் வரும்னு. 31 அதுல இருக்கு. ஆனா 67, 257ன்னு ரெண்டு தப்பா சேத்துட்டார், 61, 89, 107ன்னு மூணு விட்டுட்டார், அதனால லிஸ்ட்ல இருக்குங்கறது ஒரு ஆதாரமே கிடையாது. அவருக்கு முன்னாடி இத்தாலியில கட்டால்டின்னு ஒருத்தர், 17க்கும் 19க்கும் ஒழுங்கா வகுத்து பாத்து நிரூபிச்சவர், நல்ல உழைப்பாளி, ஆனா அதோட நிக்காம 23, 29, 31, 37 நாலும் வரும்னு சொல்லிட்டார். நாலுல மூணு தப்பு. 2²³ − 1ஐ 47 வகுக்கும், 2²⁹ − 1 = 233 × 1103 × 2089, 2³⁷ − 1ஐ 223 வகுக்கும். 31 மட்டும் தப்பிச்சுது. நாலு கேள்விக்கு குத்துமதிப்பா பதில் போட்டு ஒண்ணுக்கு மார்க் வாங்கின கதை.

நிஜமா நிரூபிச்சது ஆய்லர். 1772, செயின்ட் பீட்டர்ஸ்பர்க், வயசு 65, கண்பார்வை கிட்டத்தட்ட முழுசா போயிடுச்சு, அந்த நிலையில பெர்னூலி குடும்பத்து ஒருத்தருக்கு எழுதின லெட்டர்ல இத சொல்றார். எப்படி பண்ணார்ங்கறதுதான் எனக்கு இந்த நம்பர்ல ரொம்ப பிடிச்ச விஷயம், அதனால இங்க மெதுவா போறேன்.

46340 வரைக்கும் பிரைம் நம்பர் மட்டும் 4700க்கு மேல இருக்கு. ஒவ்வொண்ணாலயும் வகுத்து பாக்கறது மனுஷன் பண்ற வேலையில்ல. ஆய்லர் கேட்ட கேள்வி வேற: இத வகுக்கற பிரைம் ஒண்ணு இருந்தா அது எந்த மாதிரி இருந்தாகணும்? அந்த பிரைம 'ப'ன்னு வைங்க. 2, 4, 8, 16ன்னு ரெண்டோட அடுக்குகள வரிசையா ப-வால வகுத்து மீதிய மட்டும் எழுதிட்டே வந்தா, ஒரு கட்டத்துல மீதி 1 வரும், அப்புறம் திரும்ப 2, 4, 8ன்னு அதே சக்கரம் சுத்தும். ப நம்ம நம்பர வகுக்குதுன்னா 2³¹க்கு மீதி 1. அப்போ சக்கரத்தோட நீளம் 31ஐ வகுக்கணும். 31 பிரைம், அதனால நீளம் 1 இல்லன்னா 31. நீளம் 1 ஆக முடியாது, ஏன்னா 2க்கே மீதி 1 வரணும், வராது. ஆக நீளம் 31. இன்னொரு பக்கம் ஃபெர்மாங்கற பழைய ஃபிரெஞ்சு கணித ஆளு சொன்னது, 2 அடுக்கு (ப − 1)க்கும் மீதி 1தான். அப்போ ப − 1ம் 31ஓட மடங்கா இருந்தாகணும். ப ஒத்தப்படை, அதனால ப − 1 ரெட்டப்படை, ஆக 62ஓட மடங்கு. ஒரே அடியில, 62ஆல வகுத்தா மீதி 1 வர்ற பிரைம மட்டும் பாத்தா போதும்னு ஆயிடுச்சு. மேல 295257526626031ல ஒண்ணு கழிச்சா ஏன் 2147483647ஓட மடங்கு வந்துச்சுன்னு இப்ப தெரியுதா, அதே வாதம்தான், 31க்கு பதிலா 2147483647.

அதோட விடல மனுஷன். 2³¹க்கு மீதி 1னா 2³²க்கு மீதி 2. ஆனா 2³² எங்கறது 65536ஓட வர்க்கம் (பாருங்க, ரெண்டாவது தடவ வந்துட்டார்). அதாவது ப-வால வகுத்து மீதிய மட்டும் பாக்கற உலகத்துல 2ங்கறது ஒரு வர்க்க எண். அப்படி 2 வர்க்கமா இருக்கற ஒத்தப்படை பிரைம் எல்லாம் 8ஆல வகுத்தா மீதி 1 இல்லன்னா 7 தான் தரும். ரெண்டு கண்டிஷனையும் சேத்தா, ப-வ 248ஆல வகுத்தா மீதி 1 இல்லன்னா 63. வேற வழியே இல்ல. இப்ப எவ்ளோ பிரைம் மிச்சம்? 4700 சொச்சத்துல சுமார் எண்பது. எண்பது வகுத்தல்னா ரெண்டு மூணு நாள் வேலை.

மொதல் ஆள் யாருன்னு பாப்போம். 63 பிரைம் இல்ல. 249 = 3 × 83. 311 பிரைம், 248 + 63, இவர்தான் மொதல் ஆள். அதாவது 3, 5, 7, 11, 13ன்னு 307 வரைக்கும் ஒரு பிரைமையும் தொடவே வேண்டாம், நேரா 311. வகுத்து பாத்தா 311 × 6905092 = 2147483612, மீதி 35. வகுக்கல. அடுத்தது 497, அது 7 × 71, அப்புறம் 559, அது 13 × 43, ரெண்டையும் தள்ளுங்க. 1303, அப்புறம் 1489, இப்படியே போகுது. ஆய்லர் 46339 வரைக்கும் பாத்துட்டேன், எதுவும் வகுக்கலன்னு எழுதினார். எண்பது வருஷத்துக்கு மேல உலகத்துலயே தெரிஞ்ச பெரிய பிரைம் இதுதான்.

உங்க லூப் இருநூறு கோடி தடவ சுத்தி தப்பா சொன்னத, கண்ணு தெரியாத பெரியவர் எண்பது தடவையில சரியா சொல்லிட்டார். சும்மா சொன்னேன், மனசுல வெச்சுக்காதீங்க.

இன்னும் குறுக்கு வழி பின்னாடி வந்துச்சு. 1870கள்ல லூக்காஸ்ங்கற ஃபிரெஞ்சுக்காரர் ஒவ்வொரு பிரைமாலயும் வகுத்து பாக்காம பிரைம் செக் பண்ற ஒரு முறைய கண்டுபிடிச்சார், 1930கள்ல அமெரிக்காவுல டெரிக் ஹென்றி லெமர் அத சீர் பண்ணினார், லூக்காஸ்-லெமர் சோதனைன்னு பேரு. ரொம்ப சிம்பிள். 4ல ஆரம்பிங்க. வர்க்கப்படுத்தி 2 கழிங்க. நம்ம நம்பரால வகுத்து மீதிய வெச்சுக்கங்க. திரும்ப அதையே பண்ணுங்க. அடுக்கு 5 ஆன 31க்கு பண்ணி காட்டறேன்: 4, அப்புறம் 14, அப்புறம் 14 × 14 − 2 = 194, அத 31ஆல வகுத்தா மீதி 8, அப்புறம் 8 × 8 − 2 = 62, மீதி 0. பூஜ்யம் வந்தா பிரைம். அடுக்குல ரெண்டு கம்மியா அத்தன தடவ பண்ணணும், 5க்கு மூணு தடவ. நம்ம ஆளுக்கு 29 தடவ. 4, 14, 194, 37634, 1416317954, இது வரைக்கும் மீதி எடுக்க வேண்டிய தேவையே வராது, அதுக்கப்புறம் 669670838, 1937259419ன்னு கண்டபடி குதிக்கும், ஒரு ஒழுங்கும் இருக்காது, நாம ஏதோ தப்பு பண்ணிட்டோமோன்னு தோணும். 28ஆவது படியில திடீர்னு 65536ன்னு வந்து நிக்கும். சொன்னேன்ல மூணாவது தடவ வருவார்னு. அத வர்க்கப்படுத்தினா 2³², மீதி 2, அதுல 2 கழிச்சா பூஜ்யம். முடிஞ்சுது. லேப்டாப்ல கால் பக்கம் கோடு எழுதி இத ஓட்டி பாருங்க, அந்த குப்பை நம்பருங்களுக்கு நடுவுல 65536 வர்ற நேரம் இருக்கே, எத்தன தடவ பாத்தாலும் எனக்கு ஒரு குஷி. இன்னிக்கும் பெரிய பெரிய மெர்சென் பிரைம கடைசியில உறுதி பண்றது இந்த சோதனைய வெச்சுத்தான். 2024 அக்டோபர்ல அறிவிச்சது 2 அடுக்கு 136279841 மைனஸ் 1, நாலு கோடியே பத்து லட்சம் இலக்கம்.

நிறைவெண் சமாச்சாரம் சீக்கிரமா சொல்லிடறேன். தன்னோட வகுத்திகள (தன்ன விட்டுட்டு) கூட்டினா தானே வர்ற எண் நிறைவெண், 6 = 1 + 2 + 3 மாதிரி, 28 மாதிரி. ஒவ்வொரு மெர்சென் பிரைமும் ஒரு நிறைவெண் தரும்னு யூக்ளிட் காலத்துலயே தெரியும். 1ல இருந்து 2147483647 வரைக்கும் எல்லாத்தையும் கூட்டினா 2305843008139952128, அதுதான் எட்டாவது நிறைவெண். 1811ல பீட்டர் பார்லோன்னு ஒரு இங்கிலாந்து கணித ஆளு, இதுதான் மனுஷன் கண்டுபிடிக்கப் போற கடைசி நிறைவெண்ணா இருக்கும், இதால ஒரு பிரயோஜனமும் இல்ல, யார் மெனக்கெட்டு இன்னொண்ணு தேடப் போறாங்கங்கற அர்த்தத்துல எழுதி வெச்சார். 1876ல லூக்காஸ் 2¹²⁷ − 1ஐ பிரைம்னு காட்டி அத ஒடச்சார், 1883ல ரஷ்யாவுல ஒரு கிராமத்து பாதிரியார், பெர்வூஷின்னு பேரு, நடுவுல விட்டுப்போன 2⁶¹ − 1ஐ கண்டுபிடிச்சார். மெனக்கெட ஆளா இல்ல உலகத்துல.

பிரயோஜனம் இல்லன்னு பார்லோ சொன்னதுக்கு நம்ம நம்பரே ஒரு பதில் வெச்சிருக்கு, இதான் நான் மேல சொன்ன தற்செயல் லாபமா மாறின இடம். ரேண்டம் நம்பர் எப்படி செய்யறது? 1940கள் கடைசியில ஒரு யோசனை வந்துச்சு, ஒரு நம்பர எடு, ஒரு நிலையான நம்பரால பெருக்கு, இன்னொரு நிலையான நம்பரால வகுத்து மீதிய எடு, அதையே திரும்ப பண்ணு. யோசனை யாரோடது தெரியுமா, மேல சொன்ன அதே லெமர். 32 பிட் மெஷின்ல வகுக்கற நம்பரா எது நல்லா இருக்கும்? பெரிசா இருக்கணும், இன்டுக்குள்ள அடங்கணும், பிரைமா இருக்கணும். கையில ரெடியா 2147483647 இருக்கு!

பெருக்கற நம்பர் எது? 2 போட்டா என்ன ஆகும்னு பாருங்க: 1, 2, 4, 8ன்னு போய் 2³⁰ வந்ததும் அடுத்தது திரும்ப 1, முப்பத்தியோரு நம்பரோட சக்கரம் முடிஞ்சுது, லாட்டரிக்கு ஆகாது. சக்கரம் 2147483646 நீளத்துக்கு, ஒரு நம்பர் விடாம எல்லாத்தையும் தொட்டுட்டு வரணும். அப்படி பண்ற குட்டி நம்பர் 7. ஆனா 7ஆல பெருக்கினா ரொம்ப மெதுவா ஏறும், ரேண்டம் மாதிரி தெரியாது, அதனால 7⁵ = 16807 எடுத்தாங்க. 7ஓட அடுக்க இஷ்டத்துக்கு எடுத்துட முடியாது, அடுக்கும் 2147483646ம் பொது வகுத்தி இல்லாம இருக்கணும், இல்லன்னா சக்கரம் சின்னதாயிடும். 2147483646 = 2 × 3 × 3 × 7 × 11 × 31 × 151 × 331, இதுல 5 இல்ல, அதனால 7⁵ ஓகே. இந்த உடைப்ப எப்படி கண்டுபிடிக்கறதுன்னா, 2147483646 = 2 × (2³⁰ − 1) = 2 × 32767 × 32769. 32767 ஞாபகம் இருக்கா, 16 பிட்டோட உச்சவரம்பு, 7 × 31 × 151. பிரைம் ஆக முடியாம போன தம்பி இங்க அண்ணனுக்கு உதவிக்கு வந்து நிக்கறான்.

1969லயே ஐபிஎம் மெஷின்ல இத ஓட்டினாங்க, 1988ல பார்க், மில்லர்னு ரெண்டு பேர் 'வேற நல்லது தெரியலன்னா குறைஞ்சபட்சம் இதையாவது போடுங்க'ங்கற கணக்குல சிபாரிசு பண்ணினாங்க, சி பிளஸ் பிளஸ் ஸ்டாண்டர்டுலயே இது இன்னும் இருக்கு, 1ல ஆரம்பிச்சா பத்தாயிரமாவது நம்பர் 1043618065ன்னு வரணும்னு சோதிக்கறதுக்காகவே எழுதி வெச்சிருக்காங்க. பாஸ்வேர்டுக்கோ கிரிப்டோவுக்கோ இத தொடாதீங்க, ஒரு நம்பர் தெரிஞ்சா அடுத்தது அப்படியே தெரிஞ்சிடும்.

அதுல ஒரு கை வேலை இருக்கு, காட்டிடறேன். 9ஆல வகுத்தா மீதி என்னன்னு பாக்க இலக்கத்த கூட்டுவோம்ல, அதே தந்திரம் இங்கயும் நடக்கும், ஏன்னா 10ல ஒண்ணு கம்மி 9, 2³¹ல ஒண்ணு கம்மி நம்ம ஆளு. 1, 16807, 282475249, அடுத்தது 282475249 × 16807 = 4747561509943. இத 2147483647ஆல வகுக்க வேண்டாம். 2³¹ஆல பிரிங்க, அது கம்ப்யூட்டருக்கு பிட்ட நகத்தறது மட்டும்தான்: ஈவு 2210, மீதி 1622647863. ரெண்டையும் கூட்டுங்க, 1622650073. அதான் விடை. வகுத்தலே இல்லாம வகுத்தாச்சு, அந்தக் கால மெஷின்ல இது எவ்ளோ பெரிய மிச்சம்!

2038 பத்தியும் யாராவது கேப்பாங்க, அதனால ஒரு வரி. பழைய சிஸ்டம் எல்லாம் 1970 ஜனவரி 1ல இருந்து எத்தன செகண்ட்னு 32 பிட்ல எண்ணுது, அது 2147483647ஐ தொடறது 2038 ஜனவரி 19, நம்ம நேரம் காலைல 8 மணி 44 நிமிஷம் 7 செகண்ட், அடுத்த செகண்ட் 1901 டிசம்பருக்கு போயிடும். இதுக்கும் பிரைமுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல.

இப்ப உங்க கோடு. க × க ≤ ந-ங்கறத க ≤ ந ÷ கன்னு மாத்துங்க, வகுத்தா தாண்டாது. இல்லன்னா பெருக்கறதுக்கு முன்னாடி க-வ லாங்கா (இன்ட விட பெரிய டப்பா) மாத்திக்கங்க, பெருக்கி முடிச்ச விடைய லாங்ல போட்டா பிரயோஜனம் இல்ல, பெருக்கறப்பவே சுத்திக்கிட்டிருக்கும், நெறைய பேர் இங்க இன்னொரு தடவ விழுவாங்க. மாத்தினா 46340ல நின்னு, கண் சிமிட்டறதுக்குள்ள 'பிரைம்'னு வரும்.

மாத்தறதுக்கு முன்னாடி பழைய கோட்லயே ஒரு விஷயம் பண்ணி பாருங்க. நம்ம நம்பருக்கு சரியா முந்தின பிரைம் 2147483629. அத குடுங்க. அதே ஓட்ட கோடு, அதே சுத்தல், ஆனா இந்த தடவ ஒழுங்கா 'பிரைம்'னு சொல்லும். ஏன்னா 2147483629க்கும் உச்சவரம்புக்கும் நடுவுல 18 நம்பர் இடம் இருக்கு, சுத்தி சுத்தி வர்ற க × க எப்பயாவது அந்த சந்துல போய் விழுந்தா லூப் நின்னுடும். கண்டிப்பா விழும், 2147483641ஐ 8ஆல வகுத்தா மீதி என்னன்னு பாத்துட்டு யோசிங்க, வரலன்னா கேளுங்க, தனியா எழுதறேன்.